கேம்பராக்கிய பழைய வேன்களில் கரண்ட் கோளாறு: கேள்வி பதில்

பழைய வேனை வாங்கி, பின் சீற்றைக் கழற்றிக் கட்டில் போட்டு, லைற், பிரிட்ஜ், இரண்டாவது பற்றரி எல்லாம் பூட்டிக்கொண்டு அறுகம்குடாவுக்கும் உகந்தைக்கும் ஓடுகிறவர்கள் கேட்டவை இவை. ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரு மல்டிமீற்றர் கையில் இல்லாமல் இதை வாசித்துப் பயனில்லை, முதலில் அதை வாங்குங்கள்.

பொத்துவில்: அண்ணன், கம்பிரசர் பிரிட்ஜ் பகலில், வேன் ஓடும்போது நன்றாக வேலை செய்கிறது. இரவில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அணைந்து சிவப்பு லைற் மின்னுகிறது. பற்றரியை அளந்தால் 12.3 வோல்ற்று இருக்கிறது. பிரிட்ஜ் பழுதா?

பிரிட்ஜும் பழுதில்லை, பற்றரியும் பழுதில்லை தம்பி. நீங்கள் பற்றரியின் வாயில் அளந்திருக்கிறீர்கள். பிரிட்ஜின் வாயில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். அங்கே 11க்குப் பக்கத்தில்தான் காட்டும் என்று நினைக்கிறேன். நடுவில் இருக்கும் வயர்தான் மிச்சத்தைத் தின்கிறது.

கணக்கு இதுதான். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், மீற்றருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். முன்னாலிருந்து பின்னால் 5 மீற்றர் என்றால், கரண்ட் போய்த் திரும்ப 10 மீற்றர், ஆக 0.175 ஓம். பிரிட்ஜ் 4 அம்பியர் எடுத்தால் 0.7 வோல்ற்று வழியிலேயே போய்விடும். கம்பிரசர் கிளம்பும் நொடியில் 8 அம்பியர் இழுத்தால் 1.4 வோல்ற்று. 12.3இல் 1.4ஐக் கழித்தால் 10.9. அதற்கு மேல் அந்தச் சிகரெட் லைற்றர் சொக்கெற் வேறு: முனையில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகடு, கடற்காற்றில் கறுத்துப்போயிருக்கும். பிரிட்ஜ் தன் வாயில் வருவதைத்தான் பார்க்கும். பற்றரி செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திக்கொள்ளும். வேன் ஓடும்போது டைனமோ 14 வோல்ற்றுக்குக் கிட்டக் கொடுப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பற்றரியிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுங்கள், பொசிற்றிவும் நெகற்றிவும் இரண்டுமே. அதே 8 அம்பியருக்கு இழப்பு கால் வோல்ற்றுக்குள் அடங்கும். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ், நீல நிறத்தது. பியூஸ் பிரிட்ஜைக் காப்பாற்ற இல்லை, வயர் எரியாமல் காப்பாற்ற. பிரிட்ஜின் கட்டளைப் பலகையில் ஹை, மீடியம், லோ என்று பற்றரிக் காப்பு (எந்த வோல்ற்றுக்கு இறங்கினால் பிரிட்ஜ் நிற்க வேண்டும் என்பது) இருந்தால், இரண்டாவது பற்றரிக்கு லோ வைக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் கொளுவியிருந்தால் ஹையிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் விடியப்புறம் வேனைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டிவரும்.

காத்தான்குடி: வேனை இரண்டு மூன்று நாள் விட்டால் பற்றரி இறங்கிவிடுகிறது. புதுசு மாற்றியும் அப்படித்தான்.

நானா, புதுசு மாற்றியும் அப்படி என்றால் பற்றரியில் குற்றமில்லை. எதுவோ தூங்காமல் குடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகற்றிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீற்றரை 10 அம்பியர் நிலையில் வையுங்கள். அப்படியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். கால் மணி நேரம் பொறுத்து வாசியுங்கள். 50 மில்லி அம்பியருக்குள் என்றால் சாதாரணம், ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணிதான். அதற்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது இலக்கம் விழுகிறதோ அந்த வழியில்தான் கள்ளன். பெரும்பாலும் ஸ்பீக்கர் அம்பிளிபயர், பின் கமெரா, அல்லது ஓனிலேயே விட்ட இன்வேட்டர் (பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி). இன்வேட்டர் சும்மா கிடந்து அரை அம்பியர் எடுத்தாலே நாளைக்கு 12 அம்பியர்-மணி போய்விடும்.

செங்கலடி: உள் லைற்றுக்கான 10 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டால் நிற்குமா?

நிற்கும். வயர்தான் எரியும். 10இன் சிவப்பு இருந்த இடத்தில் 20இன் மஞ்சள் போடாதீர்கள். எங்கோ வயர் தகரத்தில் உரசுகிறது. கதவுக்கீல், கட்டில் சட்டத்துக்கு ஆணி அடித்த இடங்களை முதலில் பாருங்கள்.

கல்லடி: எல்இடி லைற் ஒன்றைப் போட்டால் பிரகாசம். மூன்றைப் போட்டால் மங்கி, துடிக்கிறது. லைற்றை மாற்றிப் பார்த்தாச்சு.

எர்த், அதாவது நெகற்றிவ் வயரை வேன் தகரத்தில் பூட்டிய இடம். கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கிற வேனுக்கு வேறு என்ன வரும்? சோதிக்க வழி: ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மறு முனையை லைற்றின் நெகற்றிவிலும் தொடுங்கள். மூன்றும் பளிச்சென்று எரிந்தால் எர்த்தில்தான் பிழை. அந்த எர்த் போல்ற்றைக் கழற்றிப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் பெயின்ற் இருக்கும், அதன் மேல் துரு, செம்பு முனையில் பச்சைப் பொடி. தகரம் வெள்ளையாகப் பளபளக்கும் வரை சுரண்டி, புது லக் (வயர் முனையில் பூட்டும் அந்த வளையம்) போட்டு, பல் வொஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வஸ்லின் பூசுங்கள். லக்கை அழுத்திப் பூட்டும் கருவியால் நெரியுங்கள், ஈயம் வைக்காதீர்கள்.

வாழைச்சேனை: கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. படகில் நாங்கள் ஈயம் வைத்துத்தான் ஓட்டுகிறோம். நெரித்த லக்குக்குள் உப்புத்தண்ணி இறங்கி ஒரு மாரிக்குள் உக்கிவிடும்.

உப்பு இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து ஈயமல்ல, உள்ளே பசை வைத்த, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீற் ஷ்ரிங்க் குழாய். ஈயம் வைத்தால் அது உருகி இழைகளுக்குள்ளே மேலேறும். ஏறிய இடம் வரை வயர் கம்பிபோல விறைத்துவிடும். விறைப்பு முடிகிற எல்லையில்தான், வேன் குலுங்கக் குலுங்க, ஒவ்வொரு இழையாக முறியும். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே நாலு இழையில் உயிர் ஓடும்.

வாழைச்சேனை (மறுபடி): எஞ்சின் படகு குலுங்காதா? என் படகு வயர் வருஷக்கணக்காக அப்படியே இருக்கிறது.

இணைப்புக்கு எவ்வளவு கிட்ட வயரைக் கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாலு விரல் தூரத்துக்குள் கிளிப் இருக்கும். ஆட முடியாத வயர் முறியாது. வேன் வேலையில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை, தொங்கவிடுகிறார்கள்.

திருக்கோவில்: இடையில் வருகிறேன். குறடால் நசுக்கிய லக்கைவிட ஈயம் எவ்வளவோ மேல்.

அது உண்மை. குறடால் நசுக்கியதை இழுத்தால் கையோடு வரும். நான் சொல்வது அளவான பல் உள்ள கருவி.

மருதமுனை: அப்படியானால் நெரித்துவிட்டு மேலே ஈயமும் வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்குமே?

இரண்டு கெடுதியும் கிடைக்கும். விறைப்பு திரும்ப வந்துவிட்டது. இன்னொன்று, 60/40 ஈயம் 190 பாகைக்குள் உருகிவிடும். கூடிய அம்பியர் ஓடும் இடத்தில் இணைப்பு தளர்ந்து சூடேறினால் அது ஒழுகிவிடும்.

வாழைச்சேனை (விடுவதாயில்லை): சரி, கட்டிவிட்டால் ஈயம் பிழையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கட்டிவிட்டால், சின்ன லைற் வயருக்கு. பற்றரி வயருக்கு இல்லை. இதற்கு மேல் கேட்பதானால் உங்கள் படகில் ஒரு லக்கை வெட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேருமாகப் பார்ப்போம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கல்முனை: பற்றரி ஒரு இரவில் இறங்குகிறது. எந்தக் கம்பனி பற்றரி நல்லது?

காத்தான்குடிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

ஏறாவூர்: பற்றரி இறங்குகிறது, டைனமோவை மாற்றவா?

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் டைனமோவைத் தொடாதீர்கள். மிச்சம் காத்தான்குடிக்குச் சொன்னதுதான். மீற்றர் வாங்காமல் சாமான் வாங்குகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அக்கரைப்பற்று: ஜப்பான் பழைய சாமான் கடையில், கேம்பரில் இருந்து கழற்றிய பற்றரி சார்ஜர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுச் சொக்கெற்றில் கொளுவலாமா?

கொளுவ முன் அதன் தகட்டைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ற்று, நமக்கு 230. அமெரிக்கக் கேம்பர்ச் சாமான் என்றால் 120. தகட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் கொளுவலாம். 100 என்று மட்டும் இருந்தால், அளவான ட்ரான்ஸ்போர்மர் இல்லாமல் ஒரு நொடியும் கொடுக்காதீர்கள், புகைதான் வரும். பிளக் முனையை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இனிமேல் எதுவும் கேட்க வேண்டாம்.

பாசிக்குடா: தங்கும் விடுதியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து வேனுக்குக் கொடுக்கிறோம். வெறுங்காலுடன் கதவைத் தொட்டால் விறுவிறு என்கிறது.

அக்கா, மற்றதெல்லாம் பிறகு. விடுதிப் பக்கச் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றும் வரை யாரும் வேனைத் தொட வேண்டாம், குறிப்பாகப் பிள்ளைகள். உங்கள் வயரில் எர்த் கம்பி இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. அதோடு உள்ளே எங்கோ கரண்ட் தகரத்துக்கு ஒழுகுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும். மூன்று கம்பி வயரும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் திரும்பக் கொடுக்காதீர்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க லைசன்ஸ் உள்ள வயரிங் பாஸ் ஒருவர் நேரில் வர வேண்டும். இதை எழுத்தில் சொல்லித்தர மாட்டேன்.

நிந்தவூர்: காஸில் ஓடும் பிரிட்ஜ் பற்றவில்லை.

காஸ் என் வேலை இல்லை. காஸ் வேலைக்காரரிடம் காட்டுங்கள். அதுவரை சிலிண்டரை மூடி வையுங்கள்.

வாகரை: வெள்ளத்தில் சீற் வரை தண்ணீர் ஏறியது. காய்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாமா?

காய்ந்தால் போதாது. பற்றரி நெகற்றிவைக் கழற்றுங்கள். சீற்றுக்கு அடியில், தரைக்குக் கிட்ட உள்ள கனெக்டர்களை எல்லாம் பிரித்து, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். சேறு காய்ந்து உள்ளே இருந்தால் ஈரம் பட்டவுடன் கரண்டுக்குப் பாலம் போடும். எஞ்சினை மெக்கானிக் பார்க்காமல் சாவியைத் திருப்ப வேண்டாம்.

சம்மாந்துறை: 100 வாற் சோலர் போட்டிருக்கிறேன். மத்தியானத்திலும் ஒரு அம்பியர்தான் வருகிறது.

வேன் தென்னைக்குக் கீழேயா நிற்கிறது? தகட்டின் ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலே வரவு பாதிக்கு மேல் படுத்துவிடும். நல்ல வெயிலில் 5 அம்பியர் வரை பார்க்கலாம். பற்றரி நிறைந்திருந்தாலும், தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கும் கொன்ட்ரோலர் குறைத்துத்தான் விடும், அதையும் பாருங்கள். கழற்றிய பிறகு திரும்பப் பூட்டும்போது கொன்ட்ரோலரில் முதலில் பற்றரி, பிறகு தகடு.

ஆரையம்பதி: 100 அம்பியர்-மணிப் பற்றரியில் இன்வேட்டர் வைத்துச் சின்ன ஏசி ஒன்று ஓட்டலாமா? இரவில் புழுக்கம் தாங்கவில்லை.

சின்ன ஏசி 1000 வாற் எடுத்தால், இன்வேட்டர் இழப்போடு 12 வோல்ற்றில் 90 அம்பியருக்கு மேல். சாதாரண பற்றரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்று வைத்தால், ஏறக்குறைய அரை மணி நேரம்தான் தாங்கும். 12 வோல்ற்று பான் இரண்டு பூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 2 அம்பியர் எடுத்தாலும் இரவு முழுக்க ஓடும். வயருக்குப் பியூஸ் 5 அம்பியர். பெரிசு போட வேண்டாம்.