கிறிஸ்தவர்கள் சொல்லும் 'கிருபை' என்றால் என்ன? ஒதுக்கப்பட்டவர்களோடு அதற்கு என்ன தொடர்பு?

தகுதி பார்க்காமல், கைம்மாறு கேட்காமல் கடவுள் மனிதருக்குக் காட்டும் தயவுதான் கிருபை. பைபிளில் எபேசியர் 2:8-9 நேராகவே சொல்கிறது: இரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்பு) தேவனுடைய ஈவு, அதாவது இலவசப் பரிசு, யாரும் அதில் பெருமை பாராட்ட முடியாது.

காரணம் எளிது. கடவுள்முன் எல்லாருமே குறைவுள்ளவர்கள் (ரோமர் 3:23). தகுதிதான் அளவுகோல் என்றால் ஒருவர்கூடக் கடவுளிடம் சேர முடியாது. ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இதே கிருபைதான்: இயேசுவின் காலத்தில் குஷ்டரோகி (தொழுநோயாளி) ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும், தொட்டவருக்கும் தீட்டு. இயேசு அவனைச் சுகமாக்கிவிட்டுத் தொடவில்லை, தொட்டுச் சுகமாக்கினார் (மாற்கு 1:40-42). இந்த வரிசையை அவசியம் கவனியுங்கள்: முதலில் ஏற்பு, பிறகுதான் சுகம்.

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலோ பட்டர்வொர்த்திலோ கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போயிருப்பீர்கள். நாம் வருமுன்பே சமையல் முடிந்திருக்கும். வாசலில் யாரும் சாதியோ சம்பளமோ விசாரிப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுக் காசு நீட்டினால் வீட்டுக்காரர் மனம்தான் நோகும். கிருபையும் அப்படித்தான்.

'அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே' என்று பலர் நினைப்பது தவறு, கிருபை ஆளையே மாற்றுகிறது: ஊரே வெறுத்த வரி வசூலிப்பாளன் சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த பிறகு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் ஏமாற்றி வாங்கியதை 4 மடங்காகத் திருப்பித் தருவதாகவும் தானாகவே முன்வந்து சொன்னான் (லூக்கா 19:8).