வைஃபை சிக்னலைப் பதிவு செய்ததற்கு என் மேல் வழக்கு வருமா?

கேள்வி: கோவையில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். ஒரு நிறுவனம் கொடுத்த ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டு மால், கடைவீதி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று நடக்க வேண்டும். அங்கே வரும் வைஃபை, புளூடூத் சிக்னல்களின் பலத்தை இடத்தோடு சேர்த்து ஆப் பதிவு செய்யும். ஜிபிஎஸ் எடுக்காத கட்டடத்துக்குள்ளும் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் இது என்கிறார்கள். போன வாரம் ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர், “எங்கள் வைஃபையை ஹேக் செய்கிறீர்கள்” என்று போலீசுக்குப் போகப்போவதாகச் சொன்னார். தனிநபர் டேட்டா எதையும் எடுப்பதில்லை என்கிறது நிறுவனம். ஆனால் சட்டப் பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஹேக்கிங் புகாரைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். பொதுவாக ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரையும் மேக் முகவரியையும் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வினாடிக்குச் சுமார் 10 முறை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரவுட்டரின் பெயர் வருவது அதனால்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு நெட்வொர்க்கில் நுழைவதையும் அதிலிருந்து டேட்டாவை நகலெடுப்பதையும் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால், 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் யாருடைய நெட்வொர்க்கிலும் இணையவில்லை, ரவுட்டரின் பெயர், மேக் முகவரி, சிக்னல் பலம் மட்டும்தான் பதிவானது என்றால், இந்தக் குற்றச்சாட்டு நிற்பது கடினம் என்பதே என் கருத்து.

அந்த ‘மட்டும்தான்’ உண்மையா என்பதை நீங்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் ரவுட்டர்கள் இருக்கும் இடங்களைப் பதிவு செய்யப் போய், பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்குகளில் ஓடிய மின்னஞ்சல் உள்ளிட்ட தகவல்களையும் சேகரித்துவிட்டன. 2010-இல் அந்த நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் 1 லட்சம் யூரோ அபராதம் போட்டது. பாஸ்வேர்டு இல்லை என்பதற்காக வைஃபை வழியே போகும் தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை அமெரிக்காவின் 9-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் ஏற்கவில்லை. இங்கே தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-வது பிரிவின்படி, செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆப் எதையெல்லாம் பதிவு செய்கிறது என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

தனிநபர் டேட்டாவே இல்லை என்று நிறுவனம் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரவுட்டராவது ஒரே இடத்தில் இருக்கிறது. அதற்கும் வீட்டு எண்ணையும் சொந்தப் பெயரையும் வைப்பவர்கள் ஏராளம். போன், கைக்கடிகாரம், இயர்பட்ஸ் எல்லாம் ஆளோடு சேர்ந்து நகர்பவை. அவற்றின் புளூடூத் சிக்னலையும் நேரத்தையும் இடத்தையும் ஒன்றாக வைத்தால், யார் எப்போது வீட்டிலிருந்து கிளம்புகிறார் என்பதுகூடத் தெரிந்துவிடும். புதிய போன்கள் தங்கள் புளூடூத் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பது உண்மை. எல்லாக் கருவிகளும் அப்படி அல்ல. ஒரு தகவலைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண முடிந்தால் அது தனிநபர் தரவு என்றுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கு அதில் தனியாகவே தடை இருக்கிறது. குடியிருப்பு என்றால் குழந்தைகள் இல்லாமலா?

அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், அறிவிப்பு போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றின் ‘உணர்திறன் மிக்க தரவு’ பட்டியலில் பாஸ்வேர்டு, வங்கி விவரம், மருத்துவ விவரம் எல்லாம் உண்டு, இருப்பிடம் இல்லை. மக்களுக்குப் பாதகமான பெரிய ஓட்டை இது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் செயலாளர் ஹேக்கிங் என்று சொன்னது தவறாக இருக்கலாம். அவருடைய கவலை நியாயமானது.

அப்புறம் ஒப்பந்தம். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பு, தரவு எதற்கு, எப்படிப் பயன்படும் என்று தீர்மானிக்கும் நிறுவனத்துடையது. எந்த ஒப்பந்தம் போட்டாலும் அது மாறாது என்று 8-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. குற்றவியல் பொறுப்பையும் கையெழுத்து வாங்கி இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் தனக்கு நஷ்டம் வந்தால் உங்களிடம் பணம் கேட்க அந்த வரியை நிறுவனம் பயன்படுத்தலாம். அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

உங்களை உடனடியாகச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது சிக்னலைவிடக் கட்டடத்துக்குள் நுழைந்ததுதான். குடியிருப்பும் மாலும் தனியார் இடம். வெளியே போகச் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல் புகாருக்கு இடம் கொடுக்கிறீர்கள். சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை நிறுவனம் வாங்கித் தராமல் இனி எங்கேயும் உள்ளே போகாதீர்கள்.

இன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆப் பதிவு செய்யும் விவரங்கள் என்னென்ன, மக்களின் போன் சிக்னல்களை நீக்குகிறார்களா, அந்தக் குடியிருப்பின் டேட்டாவை அழிப்பார்களா, நீங்கள் ஆப்பை நிறுத்தாமல் வீட்டுக்குப் போன நாட்கள் இருந்தால் அவற்றின் பதிவு என்ன ஆனது என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஆப்பை ஓடவிடாதீர்கள். ஆனால் அழித்தும் விடாதீர்கள். நீங்கள் யாருடைய நெட்வொர்க்கிலும் நுழையவில்லை என்பதற்கு அதுவே உங்கள் சாட்சி. பதில் வந்ததும் அதன் நகலோடு செயலாளரை நேரில் பாருங்கள். கூகுள் தன் இருப்பிடப் பட்டியலில் ஒரு ரவுட்டரைச் சேர்க்காமலிருக்க, நெட்வொர்க் பெயரின் கடைசியில் ‘_nomap’ என்று சேர்த்தால் போதும் என்ற வசதியை 2011-லேயே கொடுத்தது. உங்கள் நிறுவனமும் அதை மதிக்குமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் அவரிடம் சொல்லுங்கள். போலீசிலிருந்து அழைப்பு வந்தால் வழக்கறிஞரோடு போங்கள். போனை எடுத்துக்கொண்டால் கைப்பற்றுதல் மகஜரின் (எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றிப் போலீஸ் எழுதும் பதிவு) நகலைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.