ராமகிருஷ்ணரைப் பார்த்துக்கொண்ட ஹிருதயர் நல்லவரா, கெட்டவரா?

"25 வருடம் கூடவே இருந்து பரமஹம்சரைப் பார்த்துக்கொண்ட ஹிருதயரை ஏன் கோவிலை விட்டு விரட்டினார்கள்? அவர் பக்தரா, பணத்தாசை பிடித்தவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும்தான். ஆனால் எந்தக் காரணத்துக்காக விரட்டினார்களோ, அதுதான் அவர் செய்ததிலேயே சின்னத் தப்பு.

எங்கள் சேலத்தில் ராமகிருஷ்ணா ரோடும் ஆசிரமமும் இருப்பதால் பரமஹம்சர் கதை சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். அதில் ஹிருதயர் பெயர் வந்தாலே "அந்தப் பேராசைக்காரனா" என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

1855-ல் கல்கத்தா பக்கத்தில் தட்சிணேசுவரம் காளி கோவில் திறந்த சமயம், வேலை தேடி அங்கே வந்த சிஹார் கிராமத்துப் பையன் அவர். ராமகிருஷ்ணரின் அத்தை மகள் பிள்ளை. நம்ம ஊர்க் கணக்கில் ராமகிருஷ்ணர் அவருக்குச் சித்தப்பா முறை ஆவார். வங்காளத்தில் அத்தை மகளும் கூடப்பிறந்தவள் மாதிரிதான் என்பதால் அங்கே மாமா. அந்த மாமாவை விட இவருக்கு நாலு வயதுதான் குறைவு.

மாமா ஆன்மிக சாதனையில் இறங்கி, சோறு தண்ணி மறந்து, கோவில் ஆட்களே பைத்தியம் என்று ஒதுங்கிய காலம். ஊட்டி விட்டது, தன்னை மறந்த சமாதி நிலையில் சாயும்போது தாங்கிப் பிடித்தது, வயிறு கெட்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது கூட இருந்தது எல்லாம் ஹிருதயர்தான். ராத்திரி கோவில் தோட்டத்தில் பஞ்சவடி என்ற மரத்தோப்புப் பக்கத்துப் புதருக்குள் மாமா தனியாகப் போகிறார். இவருக்கு உள்ளே போகப் பயம், விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. வெளியே நின்று கல்லை விட்டெறிகிறார், பேய் என்று பயந்தாவது எழுந்து வரட்டுமே என்று! அவர் அசையவில்லை. இன்னொரு நாள் துணிந்து உள்ளே போனால், நெல்லி மரத்தடியில் துணியையும் பூணூலையும் கழற்றி வைத்துவிட்டுத் தியானத்தில் இருக்கிறார். இவர் கத்தித் தீர்த்துவிட்டார். 1875-ல் பெல்காரியா தோட்டத்தில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனைப் பார்க்கப் போனபோதும் கூடப் போனவர் இவரே. அங்கே சமாதி கூடியதும் காதில் ஓம் சொல்லி நினைவுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான்.

இனி மறுபக்கம். அதையும் மூடி மறைக்க முடியாது. பார்க்க வருகிறவர்களிடம் காசு கேட்பார். "தேவியிடம் ஏதாவது சித்தி, அதாவது அற்புத சக்தி, கேட்டு வாங்கு" என்று மாமாவை நச்சரிப்பார். நோயில் கிடந்தவரைப் பார்த்து, நான் எப்படிச் சாப்பிடுகிறேன் பார், உனக்கு எல்லாம் மனப்பிரமை என்பார். நான் இல்லாவிட்டால் உன் சாமியார்த்தனம் எங்கே போயிருக்கும் என்று கேட்டிருக்கிறார். தாங்க முடியாமல் ஒரு நாள் கங்கையில் விழுந்து உயிரை விடலாம் என்று கரையில் போய் நின்றதாக ராமகிருஷ்ணரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராமகிருஷ்ணரின் மனைவி சாரதா தேவியோடு வந்த அவர் தாயார் சியாமாசுந்தரியை அவமதித்துப் பேசி, அன்றைக்கே ஊர் திரும்ப வைத்தார். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

அம்மாபேட்டையில் என் மாமா ஒருத்தர், தறிக்காரர். படுக்கையில் விழுந்த அம்மாயியை, அதாவது என் அம்மாவின் அம்மாவை, அவர்தான் பார்த்துக்கொண்டார். தறியை விட்டு எழுந்து வந்து புரட்டிப் படுக்க வைப்பார், முதுகில் பவுடர் போடுவார், கஞ்சியைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துதான் ஊட்டுவார். வாய் மட்டும் நிற்காது: "உன்னால என் பொழப்பே நின்னு போச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு என் உசிர வாங்குவ?" ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிற சொந்தங்களுக்கு முகம் சுளிக்கும். அம்மாயியோ மாமா வெளியே போனால் "அவன எங்க காணோம்" என்றுதான் கேட்பார். ஹிருதயர் விஷயமும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. "என் மாமா" என்ற உரிமைதான் கல்லெறிய வைத்தது. அதே உரிமைதான், மாமாவின் பேரை வைத்து நாலு காசு பார்த்தால் என்ன என்றும் நினைக்க வைத்தது.

விரட்டிய கதை இதுதான். 1881-ல் கோவில் விழா நாளில், கோவிலை நிர்வகித்த மதுர்பாபுவின் மகன் திரைலோக்கியருடைய சின்னப் பெண்ணின் காலில் பூவும் சந்தனமும் வைத்துப் பூஜை செய்துவிட்டார். பிராமணர் இப்படிச் செய்தால் பெண்ணுக்குக் கேடு என்று தகப்பனுக்குக் கோபம், உடனே வெளியே போ என்றுவிட்டார். இத்தனைக்கும் சாரதா தேவியையே தேவியாக இருத்தி ராமகிருஷ்ணர் பூஜை செய்த கோவில் அது. அந்தப் பூஜைக்கு ஏற்பாடு செய்ததில் ஹிருதயருக்கும் பங்கு உண்டு. தன்னையும்தான் போகச் சொல்கிறார்கள் என்று ராமகிருஷ்ணர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "உங்களைச் சொல்லவில்லையே" என்றதும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். மருமகனுக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை.

சரி, வெறுத்துவிட்டாரா என்றால், 1884 அக்டோபரில் ஹிருதயர் வந்தபோது கோவிலுக்குள் விடமாட்டார்கள் என்று பக்கத்து யது மல்லிக் தோட்டத்து வாசலில் நின்றார். ராமகிருஷ்ணரே எழுந்து போய்ப் பார்த்தார். காலில் விழுந்து அழுதவரைப் பார்த்து இவரும் அழுதார். பக்கத்தில் இருந்தவர்களிடம் அவன் செய்த சேவையையும் சொன்னார், படுத்திய பாட்டையும் சொன்னார்.

ஹிருதயர் 1899-ல் இறந்தார். சாதனைக் காலத்தைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி அவர் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவானது. தனக்கும் தெய்வ ஒளி தெரிந்ததும் ராத்திரியில் "மாமா, நாம் மனுஷரே இல்லை, வா உலகத்தைக் கரையேற்றுவோம்" என்று கூச்சல் போட்டதையும், மாமா ஓடி வந்து நெஞ்சைத் தொட்டு "தாயே, இவனைப் பழையபடி மந்தமாக்கு" என்று அடக்கியதையும் ஊருக்குச் சொன்னவர் ஹிருதயரேதான்.