வாசகர் கேள்வி – பதில்: ராபின் ஹூட் பிரபுவா, குடியானவனா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராபின் ஹூட்’ திரைப்படத்தை அண்மையில் குடும்பத்துடன் பார்த்தோம். சிலுவைப்போர் இக்காலத்துப் பாலைவனப் போரைப் போலவும், அம்புகள் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகளைப் போலவும் காட்டப்படுகின்றன. காட்டில் மறைந்து வாழ்ந்த கொள்ளையனைப் பற்றிய இங்கிலாந்துப் பழங்கதையை இவ்வளவு மாற்றலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உடையையும் ஆயுதத்தையும் மாற்றியதை நான் குறையாகக் கருதவில்லை. நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்தில், பாரதக் கதைக்கு நடுவே கட்டியங்காரன் ஊர் நடப்பைப் பேசுவதை நாம் ரசித்தே வந்திருக்கிறோம். என் வருத்தம் வேறு. ஆட்டோ பாதர்ஸ்ட் இயக்கிய இப்படத்தில் டேரன் எஜர்டன் ஏற்றிருக்கும் ராபின், மாளிகையும் நிலமும் உடைய ஒரு பிரபு. போருக்குச் சென்றவன் இறந்துவிட்டதாக அறிவித்து, அரசரின் வட்டார அதிகாரியான ஷெரிஃப் அவன் சொத்தைப் பறித்துக்கொள்வதிலிருந்துதான் அவனுடைய எதிர்ப்பு தொடங்குகிறது. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டையொட்டி அச்சான ‘எ ஜெஸ்ட் ஆஃப் ராபின் ஹோட்’ என்னும் நீண்ட கதைப்பாடலிலோ அவன் பிரபு அல்லன். பண்ணையடிமையும் அல்லாத, இரண்டுக்கும் இடைப்பட்ட சுதந்திரமான ஒரு குடியானவன். அவனை ஹண்டிங்டன் பிரபுவாக உயர்த்தியவர் 1598இல் நாடகம் எழுதிய ஆண்டனி மண்டே. ஆகவே இந்த மாற்றம் புதுமை அன்று, நானூறு ஆண்டுப் பழக்கம்.

நம் கோயில்களில் வணங்கப்படும் மதுரை வீரனின் கதையிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. அருந்ததியர் வீட்டில் வளர்ந்த அவ்வீரன் காசி மன்னனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்று கதைப்பாடல் கூறுகிறது. அந்த அரச பிறப்பு பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எளியவன் ஒருவனுக்கு வீரமும் நீதியும் இயல்பாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். இந்த வகையில், 2010இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படமே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. அதில் ரசல் குரோ ஏற்ற ராபின் சாதாரண வில்வீரன், ஒரு கல் கொத்தரின் மகன். இறந்துபோன லாக்ஸ்லி என்னும் பிரபு வீட்டு வீரரின் பெயரைத் தாங்கி நடிக்கிறானே தவிர, பிரபுவாகப் பிறந்தவன் அல்லன்.

கேள்வி: அவன் உண்மையிலேயே செல்வரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவனா?
– வாசகி, டொங்காட்

பதில்: அப்படி ஒருவன் வாழ்ந்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, பாடல்கள் சொல்வதையே நான் சொல்ல இயலும். ஏர் உழுது பிழைப்பவனைத் தொடக்கூடாது, பிஷப்புகளையும் ஷெரிஃபையும் விடக்கூடாது என்று ஜெஸ்ட் பாடலில் ராபின் தன் ஆட்களுக்குக் கட்டளையிடுகிறான். யார்க் நகரத்து மடத்திடம் 400 பவுன் கடன்பட்டு, நிலம் பறிபோகும் நிலையில் வந்த ஒரு வீரருக்கு அத்தொகையைக் கொடுத்தனுப்புகிறான். பிற்பாடு அதே மடத்துத் துறவி காட்டு வழியே வருகிறார். தம்மிடம் 20 மார்க் (பவுனைவிடச் சிறிய அக்காலப் பணக்கணக்கு) மட்டுமே இருப்பதாகப் பொய் சொல்கிறார். பெட்டியைத் திறந்தால் 800 பவுனுக்கு மேல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்ட ராபின், கடனைத் திருப்பிக் கொடுக்க வந்த வீரரிடம் பணம் வாங்க மறுத்து, மேலும் 400 பவுனை அவருக்கே கொடுக்கிறான்.

புதிய படத்தில் மடத்துக் கடனின் இடத்தில் போர்வரி வந்துவிடுகிறது. சுரங்கத் தொழிலாளரிடம் கசக்கிப் பிழிந்த அந்தப் பணத்தை ராபின் கொள்ளையிடும் காட்சிகள் நம்மவரை வேறு யாரையும்விட ஆழமாகத் தொடக்கூடும். ஒப்பந்தம் முடிந்தும் இந்தியா திரும்பாமல் இங்கே சுதந்திரமாக வாழ விரும்பிய கரும்புத் தோட்டத் தொழிலாளர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது. பெண்களும் அதற்கு விலக்கல்லர். அந்த வரியை 1914இல் ஒழித்தவன் முகமூடி அணிந்த தனி ஒருவன் அல்லன். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சிறையும் அடியும் பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். படத்தில் மக்கள் பெரும்பகுதி நேரம் வேடிக்கை பார்த்து நிற்பது எனக்கு உறுத்தியதற்கு இதுவே காரணம்.

கேள்வி: ஜேமி ஃபாக்ஸ் நடித்துள்ள இஸ்லாமியத் தோழர் பழைய கதையில் உண்டா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: இல்லை. 1984இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் நாசிர் என்பவர் வந்தார். 1991ஆம் ஆண்டுப் படத்தில் மார்கன் ஃப்ரீமன் அஸீமாக நடித்தார். புதிய படம் ஒரு படி மேலே சென்று, பழைய பாடல்களில் ராபினின் நெருங்கிய கூட்டாளியாக வரும் லிட்டில் ஜானையே அவ்வாறு மாற்றியிருக்கிறது. இது நல்ல சேர்க்கை என்றே எண்ணுகிறேன். ராபினுக்குப் பயிற்சி அளித்து வழிநடத்தும் குருவாக அவர் வருவதால், படத்தின் கனமான பாத்திரமும் அவரே.

கேள்வி: எங்கள் தமிழ் வகுப்புச் சிறுவர்களுக்கு இப்படத்தைக் காட்டலாமா?
– தமிழாசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சிறுவர்களுக்கு வேண்டாம், கை வெட்டுப்படும் காட்சியும், சிறைப்பட்டவரைக் கொல்லும் காட்சியும் இருக்கின்றன. எரல் ஃபிளின் நடித்த 1938ஆம் ஆண்டு வண்ணப்படத்தையோ, ராபினை நரியாக வரைந்த 1973ஆம் ஆண்டு டிஸ்னி படத்தையோ காட்டுங்கள். கடன்பட்ட வீரரின் கதையை மட்டும் படத்துக்கு முன்பே தமிழில் சொல்லிவிடுங்கள்.