கூறு விலையைக் குறைக்காதீர்கள்

கேள்வி: ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில், கட்டேட்டே பக்கம் ஒரு கிராமப் பண்ணையில் ஆறு மாதத் தன்னார்வலராக இருக்கிறேன். வாரச் சந்தையில் தக்காளி விற்பது என் பொறுப்பு. பாதிப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறது. விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாமா? விதையும் உரமும் நன்கொடைதான், பண்ணைக்கு நஷ்டம் ஒன்றும் வராது. - ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

வேண்டாம்மா. விதையும் உரமும் நன்கொடை, உங்கள் உழைப்புக்குக் கூலி கிடையாது. அதனால் எந்த விலைக்கும் உங்களால் கொடுக்க முடிகிறது. பக்கத்தில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருக்கும் அம்மா, ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றி வளர்த்திருப்பார். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் வீட்டுக்கு எண்ணெயும் உப்பும் அந்தக் காசில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதே மாகாணத்தில், சிப்பாட்டா நகரத்துப் பக்கத்துச் சந்தை ஒன்றில் ஒருநாள் பாதி விலைக்குக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பெட்டி காலி. பக்கத்துக் கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல், தன் கூறுகளை ஒவ்வொன்றாகக் கலைத்துத் திரும்பப் பாத்திரத்தில் அடுக்கினார். அடுத்த வாரம் என் வணக்கத்துக்குப் பதில் வரவில்லை. அவர் மறுபடி முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் ஆனது.

ஆளை இழுக்க அங்கே வேறு வழி உண்டு. நம் ஊர்க் கொசுறுதான், அங்கே அதற்கு 'ம்பசேலா' என்று பெயர். கூறு விலையைத் தொடாமல், கேட்பவருக்கு மேலே ஒரு பழம் வையுங்கள். சந்தையில் எல்லாரும் செய்வதுதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூறுக்கு அடியில் நசுங்கினதை ஒளிக்காதீர்கள். சில்லறை நோட்டு நிறைய வைத்திருங்கள், மீதி கொடுக்க முடியாமலே பாதி வியாபாரம் போய்விடும். பழத்தை முந்தின நாள் சாயங்காலம், நிறம் திரும்பும்போதே பறித்துவிடுங்கள். மிஞ்சினாலும் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஆனால் உண்மையான கோளாறு பயிரில் இருக்கிறது. மழை நின்ற பிறகு, குளிர் மாதங்களில், தண்ணீர் வசதி உள்ள எல்லாரும் தக்காளிதான் போடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழத்தானே செய்யும்? நவம்பரில் மழை பிடித்துவிட்டால் கருகல் நோய் வரும், வரத்து குறையும், விலை ஏறும். அதனால் குளிர் மாதங்களில் தக்காளியைக் குறைத்து, பாதி நிலத்தில் வெங்காயம் போடச் சொல்லுங்கள். நன்றாகக் காய வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. விலை வரும்வரை காத்திருக்கலாம்.

அப்புறம், பணப்பை உங்கள் கையில் வேண்டாம். கிராமத்துப் பெண் ஒருவர் முன்னால் உட்காரட்டும், நீங்கள் பின்னால் இருந்து எடுத்துக் கொடுங்கள். உங்கள் அனுமதிச் சீட்டு தன்னார்வப் பணிக்கானது என்பதால், விற்பனையில் உட்காரலாமா என்று அனுப்பிய அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். சந்தை வரி வாங்க வருபவர் தரும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த சந்தையில் சாக்கை விரிக்கும் முன், பக்கத்து அம்மாவிடம் 'முலி ப்வாஞ்ஜி' என்று நலம் விசாரித்து, இன்றைக்குக் கூறு என்ன விலை என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலையையே வையுங்கள்.