நாயகனைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம்

பள்ளிக்கு மட்டம் போட்டு ஊர் சுற்றும் ஃபெரிஸ் என்ற மாணவனின் கதையான 'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' படத்தைப் பள்ளி வயதில் கொண்டாடினேன், இப்போது ஃபெரிஸைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, மகனோடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கும் நண்பனைக் கிளப்பி, அவன் அப்பா உயிராக வைத்திருக்கும் ஃபெராரி காரை வெளியே எடுக்கிறான். நண்பன் கெஞ்சியது காதில் ஏறவே இல்லை.

ஆனால் இந்த முறை அந்த நண்பன் கேமரனைப் பின்தொடருங்கள். 1986-இல் வந்த இந்தப் படம் உண்மையில் அவன் கதை. சிகாகோ ஓவியக் கூடத்தில், புள்ளிகளாலேயே ஓவியம் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் சூராவின் பெரிய ஓவியத்துக்கு முன் நிற்பான். கேமரா அதிலுள்ள சிறுமியின் முகத்தை நெருங்க நெருங்க, முகம் கலைந்து வெறும் புள்ளிகளாகிவிடும். வசனமே கிடையாது. ஆனால் அவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது புரிந்துவிடும். அவன் அப்பா ஒரு காட்சியில்கூட வருவதில்லை. அவர் மீதான பயம் மட்டும் படம் முழுக்க இருக்கிறது. கேமரன் ஆத்திரத்தில் உதைத்ததில் அந்தக் கார் கேரேஜின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்ததும், பழியை ஏற்கிறேன் என்று ஃபெரிஸ் சொல்கிறான் (அந்த நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும்). கேமரன் மறுத்துவிடுகிறான். எனக்கு அதுதான் படத்தின் உச்சம்.

அப்புறம், ஃபெரிஸின் சகோதரி ஜீனி. அவன் என்ன செய்தாலும் தப்பித்துவிடுகிறானே என்ற அவள் கோபம் முழுக்கச் சரி.

மகன் ஃபெரிஸைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், நடுவில் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். படம் முடிந்ததும், அன்று இரவு கேமரன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள்.