பெட்ரோல், டீசல், கார்பன்: மெக்கானிக் பதில்கள்

மதுரை: அண்ணே, மாதம் ஒருமுறை 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இன்ஜினில் உள்ள கார்பன் எல்லாம் கரைந்துவிடுமா?

ஆக்டேன் என்பது நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்தில் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமல் தாங்கும் சக்தி, அவ்வளவுதான் தம்பி. அழுக்கை எடுப்பது பெட்ரோலில் சேர்க்கும் டிடர்ஜென்ட். கம்பெனி 91 போதும் என்று சொன்ன வண்டிக்கு 100 வீண் செலவு. அந்தக் காசுக்கு ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

கோவை: டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 80,000 கி.மீ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்குகிறது. டேங்கில் மூன்று பாட்டில் கிளீனர் ஊற்றியும் பலனில்லைங்க.

பலன் இருக்காதுங்க. போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வின் (காற்றை சிலிண்டருக்குள் விடும் வால்வு) முதுகில் தெளிக்கும். ஓடஓட அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டும் படாது. ஆனால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. சூடான வால்வில் பட்டுப்பட்டு இறுகிவிடும். இப்படி ஒரு வண்டியில் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தேன்: வால்வுத் தண்டைச் சுற்றி அடிப்பிடித்த சட்டி மாதிரி கருப்பு. நகத்தால் சுரண்டினால் மேலே பிசுபிசுப்பு, உள்ளே கல். காற்று போகும் வழியே பாதியாகியிருந்தது.

முதலில் பிளக், காயில் இரண்டையும் பாருங்கள். நடுக்கம் அதனாலும் வரும். அவை சரியென்றால் கேமரா விட்டு வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் இருந்தால் வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுப்பதுதான் உருப்படியான வழி. வால்வில் கீறல் விழாது.

நெல்லை: டீசல், பிஎஸ்6. தினமும் ஆபீஸுக்கு 4 கி.மீ.தான். டிபிஎஃப் லைட் எரிகிறது.

டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். அதில் சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். 4 கி.மீ.யில் இன்ஜினே முழுசாகச் சூடாகாது. நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், நடுவில் ஆஃப் செய்யாதீர்கள். அப்போதும் அணையவில்லையென்றால் சர்வீஸுக்கு விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஓட்டமே இவ்வளவுதான் என்றால் அடுத்த வண்டி பெட்ரோலாக வாங்குங்கள்.

சேலம்: 2012 மாடல் கார். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் கார்பன் கூடுமா?

கார்பனுக்கு எத்தனாலைக் குறை சொல்ல மாட்டேன். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். என் கவலை பழைய ரப்பர்மேல்தான். ஃப்யூயல் ஹோஸைக் கிளாம்ப் பக்கத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.